எதை எழுதாமல் விடுவது?

வகுப்பில் பாடம் நடத்தும் ஒருவர் நிதானமாகப் பேசினாலே நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் பேசிவிடுவார். அதைக் கேட்டுக்கொண்டே கையால் நோட்ஸ் எடுப்பவரால் நொடிக்கு 0.2 அல்லது 0.3 சொல்தான் எழுத முடியும். ஆனி பியோலா, தியெரி ஒலிவ், ரோனால்ட் கெல்லாக் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 2005இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வரும் கணக்கு இது. பேசப்படும் பத்துச் சொற்களில் ஒன்றுதான் தாளில் ஏறுகிறது. மற்ற ஒன்பதில் எதை விடலாம் என்று மாணவர் அந்த நொடியிலேயே முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவை எடுத்துக்கொண்டிருக்கும்போது அடுத்த வாக்கியம் காதில் விழுந்துகொண்டிருக்கும்.

இதற்கு எவ்வளவு மூளை உழைப்பு தேவை என்பதையும் அதே கட்டுரை பேசுகிறது. நோட்ஸ் எடுப்பவர் செலவிடும் கவனம், தேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர் அடுத்த நகர்வைத் தேடும்போது செலவிடும் கவனத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்ச்சும் 1974இல் முன்வைத்த 'செயல்படு நினைவகம்' என்ற கருத்து இதற்குக் காரணம் சொல்கிறது. நாம் யோசிக்கும் பொருளைச் சில நொடிகள் கையில் வைத்திருக்கும் இடம் அது, மிகச் சிறியது. கேட்ட வாக்கியம், அதற்கு முந்தைய வாக்கியத்தோடு அதற்குள்ள தொடர்பு, எழுதவிருக்கும் சுருக்கம், எழுதிக்கொண்டிருக்கும் எழுத்து எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்து நிற்க வேண்டும்.

வகுப்பறைக்குக் கணினி வந்ததும் மென்பொருள் எழுதுபவர்களுக்கு முதலில் தோன்றியது, இந்த வேக இடைவெளியை அடைப்பதுதான். எழுதுவதைவிடத் தட்டச்சு வேகமானது. அதைவிட வேகம் வேண்டுமென்றால் ஒலிப்பதிவு. அதற்கும் மேலே, பேச்சை அப்படியே எழுத்தாக்கும் நிரல். ஒரு சொல்லும் தவறாமல் பிடித்துவிட்டால் மாணவரின் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இந்தப் பாதை முழுவதும் இருக்கிறது. அந்த நம்பிக்கை பாதி சரி. தவறான பாதி எது என்பதைக் கண்டுபிடிக்க முப்பது நாற்பது ஆண்டு ஆராய்ச்சி தேவைப்பட்டது.

பிரான்சிஸ் டி வெஸ்டா, சூசன் கிரே என்ற இரு ஆய்வாளர்கள் 1972இலேயே ஒரு பிரிவினையைச் செய்து வைத்திருந்தார்கள். நோட்ஸ் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, சேமிப்பு: பிறகு எடுத்துப் படிக்கத் தாளில் இருக்கிறது. இன்னொன்று, எழுதும் செயலே பாடத்தை மனத்தில் பதிய வைப்பது. பிறகு அந்தத் தாள் தொலைந்தே போனாலும் இரண்டாவது பலன் மாணவரிடம் தங்கிவிடும். வேகத்தைக் கூட்டும் மென்பொருள் முதல் வேலைக்கு உதவுகிறது. இரண்டாவது வேலையை அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை உலகம் முழுக்கப் பேச வைத்தது 2014இல் வந்த ஓர் ஆய்வு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பாம் முல்லரும் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேனியல் ஓப்பன்ஹைமரும் மாணவர்களுக்குக் காணொளிச் சொற்பொழிவுகளைக் காட்டி, ஒரு பிரிவினரை லேப்டாப்பிலும் மற்றொரு பிரிவினரைக் கையாலும் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். லேப்டாப் பிரிவினர் அதிகம் எழுதினார்கள். பேச்சாளரின் சொற்களை அப்படியே இறக்கிவைத்தார்கள். ஆண்டு, பெயர் போன்ற தகவல் கேள்விகளில் இரு பிரிவினரும் ஏறத்தாழச் சமம். கருத்தைப் புரிந்துகொண்டால்தான் விடை தர முடியும் என்ற கேள்விகளில் கையால் எழுதியவர்கள் முன்னே போனார்கள். 'பேனாதான் சிறந்தது' என்று நாளிதழ்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் இதைக் கொண்டாடினார்கள்.

அந்தக் கொண்டாட்டம் அவசரப்பட்டது. 2019இல் கேலா மோர்ஹெட், ஜான் டன்லோஸ்கி, கேத்ரின் ராசன் மூவரும் ஆய்வை மீண்டும் செய்து பார்த்தபோது, பேனாவின் வெற்றி நிலையாகக் கிடைக்கவில்லை. 2021இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெதர் உரி தலைமையில் நடந்த மறுஆய்விலும் அப்படியே. லேப்டாப்காரர்கள் அதிகம் எழுதுகிறார்கள், சொல்லுக்குச் சொல் எழுதுகிறார்கள் என்ற பகுதி உறுதியாக நின்றது. தேர்வு மதிப்பெண்ணில் வேறுபாடு மட்டும் தெரியவில்லை. எனவே பேனாவுக்கு ஏதோ தனிச்சக்தி இருப்பதாகச் சொல்லி லேப்டாப்பை வகுப்பிலிருந்து வெளியேற்றுவதற்கு இந்த ஆய்வுகளில் போதிய ஆதாரம் இல்லை.

மென்பொருள் வடிவமைப்பவருக்கு அந்த 2014 கட்டுரையில் இதைவிட முக்கியமான ஓர் உண்மை இருக்கிறது. அதைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிட்டார்கள். இரண்டாவது சோதனையில் லேப்டாப் பிரிவில் ஒரு சாராரிடம், 'கேட்டதை அப்படியே எழுதாதீர்கள், உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். பலன் இல்லை. விரல்கள் தம் போக்கில் சொல்லுக்குச் சொல் தட்டிக்கொண்டே போயின. அறிவுரையால் இந்தப் பழக்கம் மாறாது. திரையில் 'சுருக்கி எழுதுங்கள்' என்று ஒரு வரி காட்டும் மென்பொருளும் இதே கதிக்குத்தான் ஆளாகும். பழக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் கருவியின் வடிவமே மாற வேண்டும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆரன் பாவரும் கென்னத் கோடிங்கரும் இணையவழிப் பாடங்களில் குறிப்பெடுப்பதை ஆராய்ந்தபோதும் இதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். காப்பி செய்து ஒட்டும் வசதி இருந்தால் குறிப்புகள் நீளமாகவும் பாடநூலின் நகலாகவும் ஆகிவிடுகின்றன. எந்த விசை எளிதாக இருக்கிறதோ, எழுத்து அந்தப் பக்கமே சாய்கிறது.

ஒலிப்பதிவின் கதை இன்னும் சுவையானது. முழுப் பேச்சும் பதிவில் இருந்தால் மாணவர் நிம்மதியாகக் கேட்கலாம். ஆனால் ஒரு மணி நேரப் பதிவில் தனக்கு வேண்டிய அரை நிமிடத்தை எப்படித் தேடுவார்? பிரிஸ்டலில் இருந்த ஹியூலெட் பேக்கார்ட் ஆய்வகத்தில் ஸ்டீவ் விட்டேக்கரும் குழுவினரும் 1994இல் 'ஃபைலோசாட்' என்ற கருவியை அறிவித்தார்கள். மின்பேனாவால் எழுதும் ஒவ்வொரு கோடும் அந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்த ஒலியோடு இணைக்கப்படும். பிறகு ஒரு குறிப்பைத் தொட்டால் அது எழுதப்பட்டபோது பேசப்பட்டது ஒலிக்கும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா லேபில் லிசா ஸ்டைஃபெல்மன் இதே எண்ணத்தை உண்மையான காகித நோட்டுக்குக் கொண்டுவந்து 'ஆடியோ நோட்புக்' செய்தார். மனிதர் கேட்ட பிறகுதான் எழுதத் தொடங்குகிறார். எனவே எழுதிய நொடிக்குச் சரியாகத் தாவினால் வேண்டிய வாக்கியம் ஏற்கெனவே முடிந்திருக்கும். சொற்றொடரின் நடுவில் போய் விழுந்தாலும் காதுக்கு எதுவும் புரியாது. அதனால் அவருடைய கருவி பேச்சில் வரும் இடைநிறுத்தங்களைக் கண்டறிந்து, அருகிலுள்ள சொற்றொடரின் தொடக்கத்திலிருந்து ஒலிக்கச் செய்தது. மாணவரின் கையும் காதும் எப்படி இயங்குகின்றன என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒருவருக்குத்தான் இந்த நுணுக்கம் தோன்றும். 2008இல் சந்தைக்கு வந்த லைவ்ஸ்கிரைப் பேனாவும், இன்றைய டேப்லெட்களில் எழுத்தோடு ஒலியைப் பிணைக்கும் செயலிகளும் இந்த வழியில் வந்தவை.

இந்த வகைக் கருவிகளில் மாணவர் இன்னும் எழுதுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதியது குறைவாக இருக்கலாம், ஓர் அம்புக்குறியாகக்கூட இருக்கலாம். ஆனால் 'இது முக்கியம்' என்ற முடிவு அவருடையது. பதிவு அந்த முடிவைச் சுற்றியிருப்பதை மட்டும் பாதுகாக்கிறது.

ஜார்ஜியா டெக்கில் கிரெகரி அபௌட் 1995இல் தொடங்கிய 'கிளாஸ்ரூம் 2000' திட்டம் வேறு வழியில் போனது. வகுப்பறையே பதிவு செய்தது. மின்பலகையில் ஆசிரியர் எழுதும் ஒவ்வொரு கோடும், பேச்சும், காட்டிய இணையப் பக்கங்களும் நேரவரிசையில் தொகுக்கப்பட்டு, வகுப்பு முடிந்ததும் மாணவர்களுக்குக் கிடைத்தன. பல ஆண்டுகள், பல பாடங்கள், நிஜமான மாணவர்கள் என்று நீண்ட காலம் ஓடிய அரிய சோதனை அது. ஜேசன் பிரதர்டனும் அபௌடும் 2004இல் அதன் முடிவுகளை எழுதினார்கள். சுமார் 60 சதவீத மாணவர்கள் தாங்கள் நோட்ஸ் எடுக்கும் முறையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பதிவுகள் அதிகம் பார்க்கப்பட்டது தேர்வுக்குச் சற்று முன்னால். பதிவு இருக்கிறதே என்று வகுப்புக்கு வராமல் இருப்பார்கள் என்ற அச்சம் பலிக்கவில்லை. மதிப்பெண்ணிலோ அளந்து சொல்லும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய உழைப்புக்குப் பிறகு இப்படியொரு முடிவை மறைக்காமல் எழுதிய அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். எல்லாவற்றையும் பிடித்து வைத்தால் கற்றல் தானாகக் கூடிவிடாது என்பதை அந்த முடிவால்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இந்தத் துறையில் என்னை மிகவும் பாதித்த கருவி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முதுகலைத் தொழில்நுட்பம் படித்து, பின்னாளில் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இயக்குநரான சேதுராமன் பஞ்சநாதன் அங்கே நிறுவிய ஆய்வு மையத்தில் அது உருவானது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் டேவிட் ஹேடன். கணினி அறிவியலும் கணிதமும் சேர்த்துப் படித்த மாணவர். சட்டப்படி பார்வையற்றவர் என்று வகைப்படுத்தப்படும் அளவுக்குப் பார்வை குறைந்தவர்.

அவர் வகுப்பில் உட்கார்ந்து நோட்ஸ் எடுப்பதை எண்ணிப் பாருங்கள். பலகையைப் பார்க்க ஒற்றைக்கண் தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் வைக்க வேண்டும். பலகையில் சரியான இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். நான்கு குறியீடுகளை நினைவில் ஏற்றிக்கொண்டு, தொலைநோக்கியைக் கீழே வைத்து, முகத்தைத் தாளுக்கு மிக அருகில் கொண்டுபோய் எழுத வேண்டும். மீண்டும் தொலைநோக்கி, மீண்டும் தேடல். கணித வகுப்பில் ஒரு நிறுவல் வரிவரியாக நகரும் வேகத்துக்கு இது ஈடுகொடுக்கவில்லை. உயர்நிலைக் கணிதப் பாடங்களைப் பாதியில் கைவிடும்படி ஆயிற்று. பலகையிலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து பலகைக்கும் மாறும்போது வீணாகும் இந்த நேரத்துக்கு அந்தக் குழுவினர் 'பலகை–குறிப்பு–பலகைத் தாமதம்' என்று பெயர் வைத்தார்கள். பார்வையுள்ள மாணவருக்கும் இந்தத் தாமதம் உண்டு. கண்ணை உயர்த்தித் தாழ்த்தும் நேரம்தான் என்பதால் அவர் அதை உணர்வதில்லை.

இப்படிப்பட்ட மாணவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் உதவி, வேறொருவர் எடுத்த நோட்ஸைக் கொடுப்பது, அல்லது வகுப்பைப் பதிவு செய்து தருவது. ஹேடனும் ஜான் பிளாக்கும் குழுவினரும் இதை ஏற்கவில்லை. எழுதும் செயலில்தான் கற்றல் நடக்கிறது என்றால் அந்தச் செயலை இன்னொருவரிடம் ஒப்படைப்பது கற்றலையே பறிப்பதாகும் என்பது அவர்கள் வாதம். எனவே அவர்கள் கட்டிய 'நோட் டேக்கர்' நோட்ஸை எடுத்துக் கொடுக்காது. மேசையில் வைக்கும் அளவுக்குச் சிறிய கேமரா ஒன்று பலகையைப் பார்க்கிறது; திரும்பும், சாயும், பெரிதாக்கும். அது ஒரு டேப்லெட் கணினியோடு இணைந்திருக்கிறது. திரையின் ஒரு பாதியில் பலகையின் நேரடிக் காட்சி, மறுபாதியில் எழுதும் பக்கம். விரலால் காட்சியைத் தொட்டால் கேமரா அங்கே திரும்பும். பேனாவால் பக்கத்தில் எழுதலாம். தலையைத் தூக்க வேண்டியதில்லை, எதையும் கண்ணில் வைத்து எடுக்க வேண்டியதில்லை. ஆசிரியர் தன் முறையை மாற்ற வேண்டாம், வகுப்பறையில் தனி ஏற்பாடு வேண்டாம், யாரிடமும் முன்கூட்டி அனுமதிக்காக நிற்க வேண்டாம் என்பதையும் தொடக்கத்திலேயே நிபந்தனையாக வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கருவி எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவைத்தது என்று பாருங்கள். தேடுவது, குறிபார்ப்பது, கழுத்தைத் திருப்புவது எல்லாவற்றையும் கேமரா வாங்கிக்கொண்டது. எந்த வரியை எழுதுவது, எப்படிச் சுருக்குவது, எங்கே கேள்விக்குறி போடுவது ஆகியவை மாணவரிடமே இருந்தன. ஜான் ஸ்வெல்லர் வளர்த்தெடுத்த அறிவுச்சுமைக் கோட்பாடு பாடத்தோடு தொடர்பில்லாத சுமையையும் பாடத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சியில் வரும் சுமையையும் பிரித்துப் பார்க்கிறது. நோட்ஸ் மென்பொருள் வடிவமைப்பவர் ஒவ்வொரு வசதியைச் சேர்க்கும்போதும் கேட்க வேண்டியது, 'இது எந்தச் சுமையைக் குறைக்கிறது?' என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்டால் பல 'சிறப்பு வசதிகள்' நிற்காது. எழுத்துருவையும் நிறத்தையும் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வகுப்பு நேரத்தில் திரையில் இருக்கவே கூடாது. கோப்புக்குப் பெயர் கேட்கக் கூடாது. தேதியையும் பாடத்தையும் கால அட்டவணையிலிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டும். இணையம் அறுந்தாலும் எழுதியது போகக் கூடாது.

கணிதம் தனிச் சிக்கல். தட்டச்சு வாக்கியத்துக்காக உருவானது. பின்னமும் தொகையீடும் அதற்குள் எளிதில் அடங்குவதில்லை. கணிதத்தை அச்சுக்கோக்கும் லேடெக் மொழிக்கு ஏராளமான விசைச்சுருக்கங்களை அமைத்துக்கொண்டு, ஆசிரியர் பலகையில் எழுதும் வேகத்திலேயே கணித நோட்ஸ் எடுத்த பெல்ஜிய மாணவர் ஒருவர் இருந்தார். அவர் முறை உலகெங்கும் கணித மாணவர்களைக் கவர்ந்தது. ஆனால் அந்தத் திறமைக்குப் பின்னால் நீண்ட பயிற்சியும் நிரல் எழுதும் ஆர்வமும் இருந்தன. பெரும்பாலான மாணவர்களுக்கு வடிவங்களும் சமன்பாடுகளும் வரும் இடத்தில் பேனாவும், உரைநடை வரும் இடத்தில் விசைப்பலகையும் ஒரே பக்கத்தில் தடையின்றி வேலை செய்ய வேண்டும்.

தமிழ் மாணவருக்கு இதற்கு இணையான சுமை ஒன்று உண்டு. நம் கல்லூரிகளில் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் தமிழில் வரும், கலைச்சொல் ஆங்கிலத்தில் விழும். இந்தக் கலவையை அதே கலவையாக எழுத மாணவர் ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இரண்டு மூன்று முறை விசைப்பலகை மொழியை மாற்ற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் கவனத்தைப் பாடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகிறது. களைத்துப்போய்ப் பலர் முழுவதையும் அரைகுறை ஆங்கிலத்திலோ, ஆங்கில எழுத்தில் தமிழாகவோ எழுதி முடிக்கிறார்கள். பிறகு அதைத் தேடவும் முடியாது, படிக்கவும் கடினம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் இந்தச் சிக்கலின் ஒரு பகுதிக்கு அழகான விடை இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அணுக்கரு' என்று எழுத ஏழு தட்டல்கள் போதும். ஆங்கில ஒலிபெயர்ப்பு முறையில் எட்டும், 'ண'வுக்காக ஷிஃப்ட் விசையும் வேண்டும். மொழியின் இலக்கணம் தெரிந்தவர்கள் மாணவரின் விரலிலிருந்து ஒரு சுமையை எடுத்து விதியிடம் கொடுத்திருக்கிறார்கள். மொழி மாற்றத்துக்கும் இதே கவனம் கிடைக்க வேண்டும். மாணவர் ஒவ்வொரு பாடத்திலும் வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதும் கலைச்சொற்களை மென்பொருள் நினைவில் வைத்து, தமிழ் விசைப்பலகையிலேயே இரண்டு தட்டலில் அவற்றைத் தந்தால் போதும்.

இணைய உலாவியையும் அரட்டையையும் வகுப்பில் திறந்து வைப்பதன் கேடு பலரும் அறிந்தது. அவ்வளவாக அறியப்படாதது பக்கத்தில் இருப்பவரின் இழப்பு. கனடாவில் ஃபாரியா சனாவும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் திரையில் வேறு வேலை நடப்பதைப் பார்க்கும்படி உட்கார்ந்திருந்த மாணவர்கள், அப்படிப் பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள். நோட்ஸ் செயலி முழுத்திரையில் ஓடவும் அறிவிப்புகளை நிறுத்தவும் இதுவே போதிய காரணம்.

வகுப்பு முடிந்த பிறகு மென்பொருளின் வேலை மாறுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக், மாணவர்களின் நோட்டுப் பக்கத்தைக் கோடு போட்டுப் பிரித்தார்: வலப்பக்கம் குறிப்பு, இடப்பக்கம் பிறகு எழுதும் கேள்விச்சொற்கள், அடியில் சுருக்கம். குறிப்பை மறைத்துவிட்டு, இடப்பக்கச் சொல்லை மட்டும் பார்த்துப் பாடத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும். 1962இல் வந்த அவர் நூல் வழியாக இந்த முறை பரவியது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் இதன் உள்ளிருக்கும் உண்மையை அளந்து காட்டினார்கள். ஒரு பகுதியைப் படித்துவிட்டு மறுபடியும் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள்; படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். தாளில் கையால் மறைத்துச் செய்ய வேண்டிய இதை மென்பொருள் எவ்வளவோ நன்றாகச் செய்ய முடியும். இரண்டு நாள் கழித்து நோட்ஸைத் திறக்கும் மாணவருக்கு முதலில் தலைப்புகளும் கேள்விச்சொற்களும் மட்டும் தெரியட்டும். நினைவில் இருப்பதை எழுதிய பிறகு அவருடைய பழைய குறிப்பு பக்கத்தில் வரட்டும். இன்றைய செயலிகள் பெரும்பாலும் நோட்ஸைப் பாதுகாத்து வைக்கும் அலமாரிகளாகவே நிற்கின்றன என்பது எனக்கு மெய்யாகவே வருத்தம்.

இப்போது பேச்சை உடனே எழுத்தாக்கி, அதைச் சுருக்கியும் தரும் செயற்கை நுண்ணறிவு வகுப்பறைக்குள் வந்துவிட்டது. காது கேளாத மாணவருக்கு அந்த எழுத்து வகுப்பு நடக்கும்போதே திரையில் ஓட வேண்டும். அவருக்கு அது ஹேடனின் கேமராவைப் போன்றது. மற்றவர்களுக்கு வரிசை மாற வேண்டும் என்று நினைக்கிறேன். வகுப்பு நடக்கும்போது வெற்றுப் பக்கமும், 'இங்கே புரியவில்லை' என்று ஒரே தட்டலில் குறிக்கும் விசையும் இருக்கட்டும். வகுப்பு முடிந்ததும் மாணவர் தன் சுருக்கத்தை நான்கைந்து வரியில் எழுதட்டும். அதற்குப் பிறகு இயந்திரத்தின் எழுத்துவடிவம் திறக்கட்டும், 'புரியவில்லை' என்று குறித்த இடங்களிலிருந்து. மாணவர் விட்டுவிட்டவற்றை அவர் எழுதியதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். இது கடினமான நிரல் வேலை ஒன்றுமில்லை. ஒரு பருவம் முழுக்க ஒரே பாடத்தை, ஒரு பிரிவுக்கு இயந்திரத்தின் சுருக்கத்தை முதலிலும் மற்றொரு பிரிவுக்குக் கடைசியிலும் கொடுத்து, பருவம் முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு தேர்வு வைத்தால், இந்த வரிசை சரியா என்பது தெரிந்துவிடும்.